தமிழ்நாட்டின் 15-ஆவது சட்டப்பேரவை (2016–2021): யார் யார், எந்தக் கட்சிக்கு எத்தனை பேர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் சந்தேகம் இது. 15-ஆவது பேரவையில் அதிமுகவின் பலம் ஒரு புத்தகத்தில் 134 என்று இருக்கிறது. இன்னொன்றில் 136. பழைய நாளிதழைப் புரட்டினால் 125. அந்த ஐந்தாண்டுக் கணக்கை எனக்குத் தெரிந்தவரை கேள்வி பதிலாக இங்கே எழுதியிருக்கிறேன்.

134, 136, 125: இதில் எது சரி?

மூன்றும் சரி. 134 என்பது 2016 மே 19 அன்று வாக்கு எண்ணி முடித்தபோது இருந்த நிலை. 136 என்பது அதே ஆண்டு நவம்பர் 22 நிலவரம். 125 என்பது 2019 அக்டோபர் இறுதியில் இருந்த எண்ணிக்கை. கட்சி பலம் என்று எந்த எண்ணைப் பார்த்தாலும், "எந்தத் தேதியில்?" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு வரலாற்றில் இந்தக் கேள்வி இவ்வளவு தேவைப்பட்ட பேரவைகள் மிகக் குறைவு. ஒரு முதலமைச்சர் மறைந்தார், ஒரு முன்னாள் முதலமைச்சர் மறைந்தார், 18 பேர் ஒரே நாளில் பதவி இழந்தார்கள், ஒரே நாளில் 22 தொகுதிகளின் முடிவு வந்தது. எல்லாம் ஒரே பேரவையின் காலத்துக்குள் நடந்தவை.

மொத்த உறுப்பினர்கள் 234-ஆ, 235-ஆ?

மக்கள் தேர்ந்தெடுப்பவர்கள் 234 பேர். அதில் 44 தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கும், ஏற்காடு, சேந்தமங்கலம் என்ற 2 தொகுதிகள் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. இவர்களோடு ஆங்கிலோ இந்தியர் சமூகத்திலிருந்து ஆளுநர் ஒருவரை நியமிக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 333-ஆவது பிரிவு சொன்னது. அப்படி நியமிக்கப்பட்டவர் நான்சி ஆன் சிந்தியா பிரான்சிஸ். அவரையும் சேர்த்தால் 235.

104-ஆவது திருத்தத்தின்படி அந்த நியமன முறை 2020 ஜனவரியோடு முடிவுக்கு வந்தது. ஆனாலும் அப்போது இருந்த அவை கலையும்வரை அந்த இடம் செல்லும். அடுத்து வந்த 16-ஆவது பேரவையில் அந்த இடமே இல்லை. கீழே நான் சொல்லும் கணக்கு எல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்ட 234 இடங்களுக்கு மட்டும்.

2016 தேர்தலில் என்ன முடிவு வந்தது?

மே 16 அன்று 232 தொகுதிகளில் வாக்குப்பதிவு நடந்தது. அதிமுக 134, திமுக 89, காங்கிரஸ் 8, இந்திய யூனியன் முஸ்லிம் லீக் 1. லீக்கின் அந்த ஒரு இடம் கடையநல்லூர். இரண்டு அணிகளும் வாங்கிய வாக்குகளுக்கு இடையே வித்தியாசம் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். ஆனால் இடங்களில் 36 வித்தியாசம் வந்தது. 1984-க்குப் பிறகு ஆளுங்கட்சி ஒன்று மீண்டும் ஆட்சிக்கு வந்ததும் இந்த முறைதான்.

வட்டாரத்துக்கு வட்டாரம் படம் வேறாக இருந்தது. கோவை மாவட்டத்தின் 10 இடங்களில் 9 அதிமுகவுக்குப் போனது. சிங்காநல்லூர் மட்டும் திமுகவுக்கு. கன்னியாகுமரி மாவட்டத்தின் 6 இடங்களில் அதிமுகவுக்கு ஒன்றுகூட இல்லை. திமுக 3, காங்கிரஸ் 3 என்று பிரித்துக்கொண்டன.

ஏன் 232 மட்டும்?

அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ஆகிய இரண்டு தொகுதிகளிலும் வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்தது பெரிய அளவில் தெரியவந்ததால் தேர்தல் ஆணையம் தேர்தலை நிறுத்தியது. பிறகு 2016 நவம்பர் 19 அன்று நடத்தியது. அதே நாளில் திருப்பரங்குன்றத்தில் இடைத்தேர்தலும் நடந்தது. அங்கே வென்ற சீனிவேல், புதிய உறுப்பினர்கள் பதவியேற்ற மே 25 அன்று, பதவியேற்காமலே காலமாகிவிட்டார். மூன்றிலும் அதிமுக வென்றது. 134-இல் ஒன்று போய் மூன்று சேர்ந்து 136 ஆனது இப்படித்தான்.

இரட்டை இலையில் நின்று வென்ற வேறு கட்சிக்காரர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நாகப்பட்டினத்தில் தமிமுன் அன்சாரி, திருவாடானையில் கருணாஸ், காங்கேயத்தில் தனியரசு. மூவருக்கும் சொந்தமாகக் கட்சியோ அமைப்போ இருந்தது. ஆனால் மூவரும் இரட்டை இலைச் சின்னத்தில் போட்டியிட்டார்கள். சின்னம் எதுவோ, சட்டத்தின் பார்வையில் கட்சியும் அதுவே. அதனால் பேரவைப் பதிவில் மூவரும் அதிமுக உறுப்பினர்கள். அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று சொல்லும் அதிமுக கொறடாவின் உத்தரவும் இவர்களைக் கட்டுப்படுத்தும். சில பட்டியல்களில் இவர்களைத் தனியாக எழுதி அதிமுகவுக்கு மூன்றைக் குறைத்திருப்பார்கள். அரசியலாகப் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் தேர்வில் எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

எந்தக் கட்சிகளுக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை?

முந்தைய பேரவைக்கு 2011-இல் 29 பேரை அனுப்பிய தேமுதிகவுக்கு ஒன்றும் இல்லை. அதன் தலைவர் விஜயகாந்த் உளுந்தூர்பேட்டையில் டெபாசிட்டையும் இழந்தார். 2011-இல் 10 இடம் வைத்திருந்த மார்க்சிஸ்ட் கட்சிக்கும், 9 இடம் வைத்திருந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் இல்லை. பாமக, மதிமுக, பாஜக, விடுதலைச் சிறுத்தைகள் யாருக்கும் இல்லை. காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் 87 வாக்கில் தோற்றார். ராதாபுரத்தில் திமுகவின் அப்பாவு 49 வாக்கில் தோற்று, அந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. மறு எண்ணிக்கைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

நான்கே கட்சிகள் உட்கார்ந்த அவை அது. தொழிற்சங்கத்துக்காரர்களின் குரலும் தலித் கட்சியின் குரலும் இல்லாத அவையில் விவாதம் மெலிந்துதான் போனது என்பது என் கருத்து. மொத்தம் 21 பெண்கள் அந்தத் தேர்தலில் வென்றார்கள். 234-க்கு அதுவும் போதாது. 2021-இல் அது 12 ஆகக் குறைந்தது இன்னும் வருத்தம்.

அவையின் பொறுப்புகளில் யார் இருந்தார்கள்?

தற்காலிக சபாநாயகராக இருந்து பதவிப்பிரமாணம் செய்து வைத்தவர் செம்மலை. பிறகு சபாநாயகர் தனபால், துணை சபாநாயகர் பொள்ளாச்சி ஜெயராமன். எதிர்க்கட்சித் தலைவர் மு.க. ஸ்டாலின், துணைத் தலைவர் துரைமுருகன். காங்கிரஸ் குழுத் தலைவர் காரைக்குடி ராமசாமி. முதலமைச்சர்கள் மூவர்: ஜெயலலிதா, ஓ. பன்னீர்செல்வம், எடப்பாடி பழனிசாமி.

2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் 122-க்கு 11 என்கிறார்களே, மற்றவர்கள் எங்கே போனார்கள்?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா மறைந்ததும் ஆர்.கே. நகர் காலியானது. அதிமுகவின் 136, 135 ஆனது. பன்னீர்செல்வம் முதலமைச்சரானார். பிப்ரவரி 5 அன்று ராஜினாமா செய்தார். இரண்டு நாள் கழித்து மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் உட்கார்ந்து தியானம் செய்துவிட்டு, கட்டாயப்படுத்தித்தான் ராஜினாமா வாங்கினார்கள் என்றார். கட்சி இரண்டாகப் பிரிந்தது. சசிகலா பக்கம் இருந்த எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் விடுதியில் தங்க வைக்கப்பட்டார்கள். பிப்ரவரி 14 அன்று சொத்துக்குவிப்பு வழக்கில் சசிகலாவுக்குத் தண்டனை உறுதியானது. 16 அன்று பழனிசாமி முதலமைச்சரானார். 18 அன்று அவை கூடியது.

ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று திமுக கேட்டது, சபாநாயகர் மறுத்தார். அமளியில் அவை இரண்டு முறை தள்ளிவைக்கப்பட்டது. கடைசியில் திமுக உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கிழிந்த சட்டையோடு ஸ்டாலின் வெளியே வந்தது பலருக்கும் நினைவிருக்கும். காங்கிரசும் லீக்கும் வெளிநடப்பு செய்தன. ஆக, உள்ளே இருந்தவர்கள் அதிமுகவினர் மட்டுமே. 135-இல் சபாநாயகர் போக 134. ஆதரவு 122, எதிர்ப்பு 11, சேர்த்தால் 133. மீதி ஒருவர் கோவை வடக்கு அருண்குமார், அவர் வாக்கெடுப்புக்கு வரவில்லை. கணக்கு சரியாக நேராகிவிடுகிறது.

நம்பிக்கை வாக்கெடுப்பில் வெல்ல 234-இல் பாதிக்கு மேல், அதாவது 118 கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவையில் இருந்து வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் கிடைத்தால் போதும். அன்று பழனிசாமிக்கு 118-ஐயும் தாண்டிக் கிடைத்தது. ஆனால் எதிர்க்கட்சி வரிசைகள் காலியாக இருக்கும்போது நடந்த வாக்கெடுப்பு அது. எண்ணிக்கையை ஏற்றுக்கொள்ளலாம், நடந்த விதத்தை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

18 பேர் தகுதிநீக்கம் என்றால் என்ன நடந்தது?

2017 ஆகஸ்ட் 21 அன்று பழனிசாமி, பன்னீர்செல்வம் அணிகள் இணைந்தன. மறுநாளே சசிகலா பக்கத்துத் தினகரனை ஆதரித்த 19 எம்.எல்.ஏ.க்கள் ஆளுநர் வித்யாசாகர் ராவைச் சந்தித்து, முதலமைச்சருக்குக் கொடுத்த ஆதரவை விலக்கிக்கொள்வதாகத் தனித்தனியாகக் கடிதம் கொடுத்தார்கள். கட்சியை விட்டுத் தாமாக விலகியதற்குச் சமம் இது என்று அரசுக் கொறடா ராஜேந்திரன் சபாநாயகரிடம் புகார் செய்தார். நடுவில் கம்பம் ஜக்கையன் மனம் மாறித் திரும்பிவிட்டார். மீதி 18 பேரையும் கட்சித்தாவல் தடைச் சட்டத்தின் கீழ் செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தார். அதிமுக 117 ஆனது.

அவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2018 ஜூன் 14 அன்று இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்பு சொன்னார்கள். சபாநாயகர் செய்தது செல்லும் என்றார் தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி. செல்லாது என்றார் நீதிபதி சுந்தர். மூன்றாவது நீதிபதியான சத்தியநாராயணன் அக்டோபர் 25 அன்று செல்லும் என்று முடித்து வைத்தார். 18 பேரும் மேல்முறையீட்டுக்குப் போகாமல் இடைத்தேர்தலைச் சந்திக்கத் தீர்மானித்தார்கள்.

இந்தப் பேரவையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என் மனதில் முதலில் வருவது அந்த 18 தொகுதி மக்கள்தான். பெரம்பூர், பூந்தமல்லி தொடங்கி அரூர், நிலக்கோட்டை, பரமக்குடி, விளாத்திகுளம்வரை, 2017 செப்டம்பரிலிருந்து 2019 மே வரை, இருபது மாதம் அவர்களுக்கு எம்.எல்.ஏ. இல்லை. குடிநீர்க் குழாய்க்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் மனு கொடுக்க ஆள் இல்லை. அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

பழனிசாமிக்கு எதிராக வாக்களித்த 11 பேர் ஏன் தகுதிநீக்கம் ஆகவில்லை?

நேர்மையான கேள்வி. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலும் அதே சட்டம் பாயும். கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் மட்டும் பாயாது. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் மீது நடவடிக்கை கோரி திமுக வழக்குத் தொடுத்தது. 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், முடிவெடுக்க வேண்டியவர் சபாநாயகர்தான் என்று சொல்லி வழக்கை முடித்தது. அவை கலையும்வரை 11 பேரும் உறுப்பினர்களாகவே தொடர்ந்தார்கள்.

ஆளுநருக்குக் கடிதம் கொடுத்தவர்கள் மேல் நான்கே வாரத்தில் நடவடிக்கை. அவையிலேயே எதிர்த்து வாக்களித்தவர்கள் மேல் நான்கு ஆண்டாகியும் இல்லை. சபாநாயகருக்குக் காலக்கெடு எதையும் சட்டம் வைக்காததால் வந்த வினை இது. இந்த ஓட்டையை நாடாளுமன்றம் அடைத்தே ஆக வேண்டும்.

தினகரனை எந்தக் கட்சி உறுப்பினராகக் கணக்கிடுவது?

சுயேச்சையாக. ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் 2017 ஏப்ரலில் நடக்க இருந்து, பணப் பட்டுவாடா காரணமாக ரத்தாகி, டிசம்பர் 21 அன்றுதான் நடந்தது. குக்கர் சின்னத்தில் நின்ற தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2016-இல் அதே தொகுதியில் ஜெயலலிதா பெற்றதைவிட இது கூடுதல். திமுக டெபாசிட் இழந்தது. அவருடைய கட்சியான அமமுக அதன்பிறகு, 2018 மார்ச்சில்தான் தொடங்கப்பட்டது. அதனால் பேரவைக் கணக்கில் அமமுக என்று ஒரு வரி கிடையாது, சுயேச்சை 1 என்றுதான் இருக்கும்.

2019-இல் 22 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் ஏன் வந்தது? ஆட்சி கவிழ்ந்திருக்குமா?

தகுதிநீக்கத்தில் 18. கலைஞர் கருணாநிதி 2018 ஆகஸ்ட் 7 அன்று மறைந்ததால் திருவாரூர். அதற்குச் சில நாட்கள் முன்பு ஏ.கே. போஸ் காலமானதால் திருப்பரங்குன்றம். பழைய கலவர வழக்கில் மூன்றாண்டு தண்டனை பெற்று அமைச்சர் பாலகிருஷ்ணா ரெட்டி பதவி இழந்ததால் ஓசூர். கனகராஜ் மறைந்ததால் சூலூர். மொத்தம் 22.

அப்போது அவையில் இருந்தவர்கள் 212 பேர். அதிமுக, சபாநாயகரையும் சேர்த்து, 114. 22 இடமும் நிரம்பிவிட்டால் 118 வேண்டும், ஆக இன்னும் 4 தேவை. ரத்தினசபாபதி, கலைச்செல்வன், பிரபு ஆகிய மூவர் தினகரன் பக்கம் சாய்ந்திருந்ததால் கொஞ்சம் கூடுதலாகவே தேவை. திமுகவுக்கு 88. காங்கிரஸ் 8, லீக் 1 சேர்த்தால் 97. எல்லா 22-ஐயும் வென்றால் 119. இப்போது புரியும், அந்தக் கோடையில் மக்களவைத் தேர்தலைவிட இந்த 22-ஐ ஏன் சென்னையில் உற்றுப் பார்த்தார்கள் என்று.

மே 23 அன்று மக்களவையில் அதிமுக அணிக்குத் தேனி ஒன்றுதான் கிடைத்தது. ஆனால் இடைத்தேர்தலில் திமுக 13, அதிமுக 9. அந்த 9-தான் ஆட்சியை 2021 வரை தாங்கியது. அதிமுக 123, திமுக 101. ஆண்டிபட்டியில் அண்ணன் தம்பி இருவரே எதிரெதிராக நின்றார்கள். திமுகவின் மகாராஜன் வென்றார், அதிமுகவின் லோகிராஜன் தோற்றார்.

ஒரே தொகுதிக்கு இரண்டு மூன்று பேர் வந்தது எங்கெல்லாம்?

திருப்பரங்குன்றத்தைச் சொல்ல வேண்டும். ஐந்தாண்டில் மூன்று பேர்: சீனிவேல், போஸ், பிறகு திமுகவின் சரவணன். போஸின் வேட்புமனுவுக்கான கட்சிப் படிவத்தில் இருந்த ஜெயலலிதாவின் கைரேகை பற்றி சரவணன் வழக்குப் போட, போஸ் வென்றது செல்லாது என்று 2019 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போஸ் அதற்கு முன்பே காலமாகியிருந்தார்.

அரவக்குறிச்சி கதை வேறு மாதிரி. அங்கே ஆள் மாறவில்லை. செந்தில்பாலாஜி 2016-இல் அதிமுகவில் வென்றார், 2017-இல் தகுதிநீக்கம், 2018 டிசம்பரில் திமுகவில் சேர்ந்தார், 2019-இல் அதே தொகுதியில் உதயசூரியனில் வென்றார். ஒரே பேரவையில் ஒரே தொகுதிக்கு இரு கட்சி உறுப்பினராக இருந்தவர் அவர் ஒருவர்தான். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஒரே கட்சி போட்டிருந்தால், அந்தப் பட்டியல் பாதிதான் சரி.

234 இடமும் நிரம்பி இருந்த நாளே கிடையாதா?

உண்டு, மூன்று முறை. முதல் முறை 2016 நவம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை, 13 நாள். இரண்டாவது, 2019 மே 23 முதல் சில நாட்கள். கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் வென்ற வசந்தகுமார் நாங்குநேரியை ராஜினாமா செய்ததோடு அது முடிந்தது. பிறகு ஜூனில் விக்கிரவாண்டி ராதாமணி மறைந்தார். அந்த இரண்டு தொகுதிகளுக்கும் அக்டோபர் 21 அன்று இடைத்தேர்தல் நடந்து, இரண்டையும் அதிமுக எடுத்தது. அதிமுக 125, திமுக 100, காங்கிரஸ் 7, லீக் 1, சுயேச்சை 1. மூன்றாவது முறையாக அவை நிரம்பி, 2020 பிப்ரவரி 27 வரை அப்படியே இருந்தது. ஐந்து ஆண்டில் எல்லாத் தொகுதிக்கும் ஆள் இருந்தது மொத்தமாக ஐந்து மாதம்கூட இல்லை.

கடைசியில் கணக்கு எப்படி முடிந்தது?

2020 பிப்ரவரி 27, 28 ஆகிய அடுத்தடுத்த நாட்களில் திருவொற்றியூர் கே.பி.பி. சாமியும் குடியாத்தம் காத்தவராயனும் காலமானார்கள். ஜூன் 10 அன்று, தன் பிறந்த நாளிலேயே, சேப்பாக்கம் அன்பழகனைக் கொரோனா கொண்டுபோனது. மூவரும் திமுக. அக்டோபர் கடைசி நாளில் வேளாண் அமைச்சரும் பாபநாசம் உறுப்பினருமான துரைக்கண்ணுவும் அதே நோயில் மறைந்தார். பேரவைக் காலம் முடிய ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் இடைத்தேர்தல் கட்டாயம் இல்லை. சேப்பாக்கத்துக்கும் பாபநாசத்துக்கும் அது பொருந்தும். மற்ற இரண்டும் தொற்றுக் காலத்தால் தள்ளிப்போயின.

ஆக முடிவில் அதிமுக 124, திமுக 97, காங்கிரஸ் 7, லீக் 1, சுயேச்சை 1, காலி 4. ஆயிரம் விளக்கு கு.க. செல்வத்தைத் திமுக கட்சியிலிருந்து நீக்கியிருந்தாலும், பேரவைக் கணக்கில் அவர் திமுகவில்தான் வருவார்.

அப்படியானால் இந்தப் பேரவைக்கு மொத்தம் எத்தனை பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்?

234 இடங்களுக்கான முதல் தேர்தலோடு 26 இடைத்தேர்தல்கள் நடந்தன. அதாவது 260 வெற்றிகள். செந்தில்பாலாஜி இருமுறை வருவதால் ஆட்கள் 259. சீனிவேல் பதவியேற்காததால் உறுப்பினராக உறுதிமொழி எடுத்தவர்கள் 258 பேர். 2021 மே 24 வரை இருந்திருக்க வேண்டிய இந்த அவை, தேர்தல் முடிவு வந்த மறுநாள், மே 3 அன்று கலைக்கப்பட்டது.